மூன்றடி தூரத்தில் நிற்கிறவருக்கு

அல்சூர், பெங்களூர்
ஆடி 20

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதமும், கண்காட்சிக் கேட்டலாக்குக்காக உன் ஓவியங்களைப் பற்றி எழுதிய குறிப்பும், ஒன்பது நீர்வண்ணப் படங்களின் போட்டோவும் வந்து சேர்ந்தன. மும்பை மாதுங்காவில் மழை விடவே இல்லை என்கிறாய். இங்கே வழக்கம்போலத் தூறல்தான், காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் ஃபேன்.

குறிப்பை இரண்டு தடவை படித்தேன். படங்களை அதைவிட அதிக நேரம் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, அந்தக் குறிப்பு இந்தப் படங்களைப் பற்றியதே இல்லை. ‘இயற்கையே என் குரு’, ‘வண்ணங்களோடு உரையாடுகிறேன்’, ‘மனித மனத்தின் ஆழங்கள்’. இதே மூன்று வரியை ஒரு தஞ்சாவூர் கிருஷ்ணன் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இங்கே ஜனவரியில் குமாரகிருபா ரோட்டில் சித்ர சந்தை நடக்கும்போது இந்த மாதிரி அட்டைகளை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். சனங்கள் அதைப் படிப்பதே இல்லை. நேரே வந்து “இது எதுல வரைஞ்சது? எத்தனை நாள் ஆச்சு?” என்றுதான் கேட்கிறார்கள். ஓவியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் படுகிறது.

நீ எழுதுகிற ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதித்துப் பார். ஒருவர் படத்துக்கு மூன்றடி முன்னால் நின்று அந்த வரியைப் படிக்கிறார். தலையைத் தூக்கிப் படத்துக்குள் அதைத் தேடுகிறார். கண்ணுக்குக் கிடைத்தால் வரி இருக்கட்டும், கிடைக்காவிட்டால் அடித்துவிடு.

போட்டோவில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். ஒன்பதில் ஏழு படங்களில் மேல் பாதி முழுக்கத் தார்ப்பாய் நீலம். அடிவானம் எதிலும் இல்லை. டியூபிலிருந்து எடுத்த வெள்ளை வண்ணம் ஒரு இடத்தில்கூட இல்லை, கம்பி, கயிறு, தண்ணீர்க் குழாய் எல்லாம் தாளையே விட்டுவைத்து வந்த வெள்ளை. ஓரங்கள் பெரும்பாலும் கசிந்து ஒன்றில் ஒன்று கலந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படத்திலும் கத்தியால் வெட்டின மாதிரி இரண்டு அல்லது மூன்று ஓரங்கள் மட்டும் இருக்கின்றன. பிறகு அந்தக் கடைப் பலகை எழுத்துகள், மராத்தியும் தமிழும் ஈரத்தில் ஊறி, படிக்க முடியாமல் போனவை. உன் பாணி இந்த ஐந்தாறு விஷயம்தான். இதை அப்படியே எழுதினாலே முக்கால்வாசி குறிப்பு முடிந்துவிடும்.

மிச்சக் கால்வாசி, இவை ஏன் இப்படி வந்தன என்பது. அதற்கு நீலத்திலிருந்து தொடங்கலாம். தாளின் மேல்பக்கம் நீலம் போட்டால் பார்க்கிறவர் கண் அதை வானம் என்றே எடுத்துக்கொள்ளும். அது தார்ப்பாயாகத் தெரிய வேண்டுமென்றால் நிறமியைத்தான், அதாவது வண்ணத்துக்கு நிறம் தருகிற பொடியைத்தான், முதலில் மாற்ற வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தின் துகள்கள் பெரியவை. அவை தாளின் குழிகளில் போய்ப் படிந்து மணல் மணலாக நிற்கும், அதனால்தான் அதில் காற்றும் தூரமும் தெரிகிறது. தாலோ நீலத்தின் துகள் மிக மெல்லியது, தாளின் நாருக்குள் ஏறி வழவழவென்று சாயம்போலப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தெரிவது இதனால்தான். நீ தாலோவைத்தான் போட்டிருக்கிறாய் என்று போட்டோவிலேயே தெரிகிறது, மடிப்புக் கோடுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுக்கப் பார்த்திருக்கிறாய், முழுக்க வரவில்லை. வராது. தாலோ ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்காது. மடிப்பு வேண்டுமென்றால் முதல் வாஷிலேயே (தண்ணீர் கலந்து பூசும் முதல் மெல்லிய பூச்சிலேயே) அந்த இடத்தில் ஈரம் படாமல் ஒதுக்கி வை, இல்லையென்றால் காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சில் மடிப்பின் நிழல் பக்கத்தை மட்டும் போடு. இந்த முடிவைக் குறிப்பில் ஒரு வரியாக எழுது: “இந்தப் படங்களில் மேலே இருக்கும் நீலம் வானம் அல்ல, மழைக்காலத்தில் கூரை மேல் கட்டும் தார்ப்பாய்.” படிக்கிறவர் உடனே திரும்பிப் பார்ப்பார்.

அடுத்தது கசிந்த ஓரம். இதை நீ ‘நினைவுகளின் நெகிழ்வு’ என்று எழுதியிருக்கிறாய். பாதி நினைவு இருக்கலாம், மீதி பாதி மும்பை காற்றின் ஈரப்பதம். பிப்ரவரி, மார்ச்சில் இங்கே ஒரு வாஷ் போட்டால் சில நிமிடத்தில் மினுமினுப்பு போய்விடும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, அந்த மாதங்களில் காற்றும் வறண்டது. ஓரத்தைக் கசியவிட நினைத்தாலும் அவகாசம் கிடைக்காது. உன் ஊரில் ஜூலையில் அதே வாஷ் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். அதனால் நிறம் நிறத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, அதைத் தடுக்காமல் விடுவதுதான் உன் முடிவு. இதைச் சொல்ல ஏன் கூச்சம்? ஊரின் வானிலை ஒருவர் பாணிக்குள் இருப்பது குறைவான காரியம் இல்லை.

நிறம் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடுகிறது, அதுவும் மூன்றாவது, ஆறாவது படத்தில் அதிகம் என்று கேட்டிருந்தாய். காரணம் ஒன்றுதான். வாஷின் பளபளப்பு போய், தாள் இன்னும் உள்ளே ஈரமாக இருக்கிற கட்டத்தில், அதைவிட அதிகத் தண்ணீர் உள்ள பிரஷை வைக்கிறாய். புதுத் தண்ணீர் பரவும்போது பாதி படிந்த நிறமியை முன்னால் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. அந்தக் கட்டத்தில் தொட வேண்டியிருந்தால் பிரஷில் இருக்கிற ஈரம் தாளில் இருப்பதைவிடக் குறைவாக, நிறம் கெட்டியாக இருக்க வேண்டும். அது முடியாதென்றால் கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் காயவிடு. இங்கே அந்த ஆபத்தான கட்டம் சட்டென்று கடந்துவிடும். உங்கள் ஊர் மழையில் அது நீண்டுகொண்டே போகும், பொறுமை இல்லாத கைக்குப் பூ நிச்சயம். ஹேர் டிரையரை மினுமினுப்பு இருக்கும்போதே காட்டாதே, காற்று தேங்கின நிறத்தைத் தள்ளி வரப்பு கட்டிவிடும். ஆறாவது படத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் விழுந்த பூ மட்டும் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே.

ஏழாவது படத்தில் வலது மூலையில் கறுப்புப் புள்ளிகளாக நிறம் ஊறியிருப்பது வேறு கோளாறு. அது உன் கையின் தவறு இல்லை. தாள் ஈரம் குடித்து, அதன் மேல் இருக்கிற ஜெலட்டின் பூச்சு இடையிடையே செத்துப்போயிருக்கிறது. அந்த இடமெல்லாம் ஒற்றுத்தாள்போல நிறத்தைக் குடிக்கும். புதுத் தாளை எடுக்கும்போது மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் தாள் நல்லது, உடனே உள்ளே இறங்கினால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தாளைத் தூக்கிப் போட வேண்டாம். நிறமும் இனிப்பும் சேராத சாதாரண ஜெலட்டின் 2 கிராம், தண்ணீர் 100 மில்லி. குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரை. கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலமான பிரஷால் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு பூசி, ஃபேனுக்கு அடியில் தொங்கவிடு. மிஞ்சினதை எடுத்து வைக்காதே, பூஞ்சை வந்துவிடும். மற்ற தாள்களைப் பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒட்டி மூடி வை, சுவரோரமாக நிறுத்தாதே.

இனி தாக்கம். உன்னைப் பாதித்த ஓவியர்கள் என்று ஐந்து பேரை அடுக்கியிருக்கிறாய். பிடித்த ஓவியர்கள் ஒரு கணக்கு, கையில் வந்து உட்கார்ந்தவர்கள் இன்னொரு கணக்கு. எஸ்.எச். ரஸாவின் பிந்து, அந்தப் பெரிய வட்டப் புள்ளி, எவ்வளவு பிடித்தாலும் இந்த ஒன்பது படத்தில் அவர் இல்லை, எடுத்துவிடு.

மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பாவையும் எழுதியிருக்கிறாய். அவர் (1886–1965) அவனீந்திரநாத் தாகூரிடம் கல்கத்தாவில் படித்தவர். அங்கே அவர் கற்ற வாஷ் முறை 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்கள் தைகானையும் ஷுன்சோவையும் பார்த்ததிலிருந்து அவனீந்திரநாத்துக்குக் கிளைத்தது. அதில் நிறத்தைப் போட்டு நன்றாகக் காயவிட்டு, தாளை முழுசாகத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஒட்டாத நிறம் போய்விடும், மிச்சத்தின் மேல் மறுபடி மெல்லிய வாஷ், மறுபடி முக்கல். இப்படிப் பல தடவை. கடைசியில்தான் மெல்லிய கோடு வரும். பனிமூட்டம் வருவது அப்படித்தான். தாளின் பூச்சு பலமில்லை என்றால் நாலாவது முக்கலில் நிறமெல்லாம் செத்துச் சாம்பலாகிவிடும். நீ ஒரு தாளையும் முக்கவில்லை. உன் மென்மை ஒரே வாஷில் வருகிறது, அவருடையது பத்துப் பூச்சில். வெளித்தோற்றம் கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதற்காகப் பெயரைப் போட்டால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்பார், நீ விழிப்பாய்.

ஓவியர் வி.எஸ். கைத்தொண்டேயைச் சேர்க்கலாமா என்பது சரியான கேள்வி. எண்ணெய் வண்ணத்தில் ரோலரும் பாலெட் கத்தியும் வைத்துப் பூசியும் சுரண்டியும் வேலை செய்தவர் அவர், தன் ஓவியத்தை அரூபம் என்று சொல்வதைக்கூட ஏற்காதவர். செய்முறையில் உனக்கும் அவருக்கும் ஒட்டே இல்லை. ஆனால் நெட்டுக்குத்தான தாள், அடிவானம் இல்லாமை, எடையை நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளுவது, இந்த மூன்றும் அவரைப் பார்த்த கண் எடுத்த முடிவுகள் மாதிரி இருக்கின்றன. தாக்கம் என்றால் இப்படி முடிவைச் சொல்லி எழுது: “அடிவானத்தை விட்டுவிடலாம் என்பதைக் கைத்தொண்டேயின் படங்களில் பார்த்தேன்.” வெறும் பெயரைவிட அது கனமாக இருக்கும்.

உண்மையான கடன் உனக்கு ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம்தான். அவர் முதல்வராக இருந்த சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த யாருக்கும் அந்தக் கடன் கொஞ்சமாவது உண்டு. 1963இலிருந்து அவர் செய்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து இருக்கும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம், கணக்கு, ஓலைச்சுவடி வரி எல்லாம் வாசிப்பதற்கு இல்லாமல் பார்ப்பதற்காக நிற்கும். உன் பலகை எழுத்தும் அதே வழிதான். வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்: அவர் எழுத்து சமமான தளத்தின் மேல் உலர்ந்த மெல்லிய கோடாக நிற்கிறது, உன்னுடையது தண்ணீரில் மூழ்குகிறது. அந்த இரண்டு வரி குறிப்பின் நடுவில் வந்தால் போதும், மற்றப் பெயர்கள் தேவையே இல்லை.

‘ஏன் வரைகிறேன்’ பத்தியை முழுக்க எடுத்துவிடு. அதற்குப் பதில் மேலே சொன்ன நீலத்தின் சிக்கலே இருக்கிறது. வானமாகத் தெரியாத ஒரு நீலத்தை எத்தனை விதமாக வைக்க முடியும் என்று ஏழு தாளில் முயன்றிருக்கிறாய். உந்துதல் என்று கேட்கிறவர்களுக்கு அதைவிட நேர்மையான பதில் உன்னிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் நூற்றிருபது வார்த்தைக்கு மேல் போகாதே. ‘நான்’ என்றே எழுது, ‘இவ்வோவியர்’ என்று உன்னைப் பற்றி நீயே எழுதுவது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போ. அடியில் பொருள் விவரம்: நீர்வண்ணம், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப் பருத்தித் தாள், 22 × 30 அங்குலம். பிரேம் போடுகிறவரிடம் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் போடச் சொல், அமிலம் இல்லாத அட்டையாக. கண்ணாடியில் ஒட்டினால் அடுத்த மழைக்கே பூஞ்சைப் புள்ளி வரும்.

ஒரு அவசரம். பலகை எழுத்தின் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் என்று எழுதியிருக்கிறாய். டியூபின் பின்பக்கம் நிறமி எண்ணைப் பார். பி.ஆர். 83 என்றிருந்தால் மெல்லிய வாஷில் அது வெளிச்சத்துக்கு நிற்காது, எழுத்து மட்டும் வெளிறி மறைந்துவிடும். பி.வி. 19 இருக்கிற குயினாக்ரிடோன் சிவப்பு வாங்கிக்கொள், ஜாடை கிட்டத்தட்ட அதுவே. நம்பிக்கை இல்லையென்றால் இரண்டையும் ஒரு பட்டையில் பூசி, பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்துப் பார். ஆனால் கண்காட்சிக்கு அவ்வளவு நாள் இல்லையே. பிரேம் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணை மட்டும் எனக்கு போனில் சொல்.

உன்
கமலா