யூரியாவைத் தின்றது சாரணை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மக்காச்சோளத்துக்கான உரக் கணக்கைப் படித்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் செடி இடைவெளி பற்றி ஒரு வரி இல்லை, களை பற்றியும் இல்லை. இந்த மூன்றையும் தனித்தனியாக நினைத்துத்தான் முந்தைய புரட்டாசிப் பட்டத்தில் நான் கெட்டேன்.

வேப்பூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். விதை வாங்கிய கடையில் "நெருக்கி ஊனுங்க, கதிர் கூடும்" என்றார்கள். ஒரு ஏக்கரில் அரை அடிக்கு ஒரு விதை. களை அடங்கியது, உண்மை. ஆனால் தண்டு விரல் கனம்தான். ஐப்பசிக் காற்றில் பாதி சாய்ந்தது, கதிர் நுனியில் மணியே கட்டவில்லை.

மற்ற ஏக்கருக்கு ஆள் கிடைக்காமல் பிள்ளைகள் ஊன்றினார்கள். ஓர் இடத்தில் ஒரு அடி, ஓர் இடத்தில் ஒன்றரை அடி. 25-ஆம் நாள் யூரியாவை அப்படியே விசிறிவிட்டேன். பத்தே நாளில் சாரணைக் களை பாய் விரித்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் இலை கொழுகொழுவென்று கரும்பச்சை. பக்கத்து மக்காச்சோளத்தின் அடியிலையோ நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் ஏறிக் கிடந்தது. யூரியா யார் வயிற்றுக்குப் போனது என்று அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேளாண் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகத்துக்குச் சொல்வது வரிசைக்கு 60 செ.மீ., செடிக்கு 25 செ.மீ. தழைச்சத்து (யூரியா தரும் சத்து) ஏக்கருக்கு 100 கிலோ: அடியுரமாகக் கால் பங்கு, 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மீதி. அந்தப் பாதியைப் போடுமுன் களை எடுக்காவிட்டால் அது களைக்கு வைத்த விருந்துதான்.

இந்த முறை அரை ஏக்கரில் மட்டும் பத்து அங்குலக் குச்சி வைத்து ஊன்றினேன். முதலில் களைக்கொத்து, பிறகு செடிக்கு நாலு விரல் தள்ளி யூரியா, உடனே மண் அணைப்பு. 40-ஆம் நாள் இரண்டு பக்க இலையும் மேலே கூடிவிட்டன. கீழே கோரை வெளிறிப்போய் நின்றது. அதற்கு நிழல் ஆகாது. இரண்டாம் களைக்கு ஆள் விடவில்லை.

இனி உர அட்டவணை போடும்போது பக்கத்திலேயே இடைவெளியையும் போடுங்கள். ஊடுபயிராக உளுந்து விதைத்தவர்கள் அட்ரசின் களைக்கொல்லி தெளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பலருக்கு அது தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேப்பூர், கடலூர் மாவட்டம்