2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலைக் கெடுக்கும் செலியாக் நோய் உள்ளோருக்கான நமது மதுரைச் சங்கம் ஆற்றிய பணிகளின் அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு விதிப்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடியது. உலக செலியாக் தினமான மே 16ஐ ஒட்டித் தல்லாகுளத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது. திருமண வீடுகளில் சமையல்காரரிடம் காட்டுவதற்கான அட்டை மறுபதிப்புச் செய்யப்பட்டது. டிசம்பரில் குழந்தைகளின் எடையும் உயரமும் அளந்து குறிக்கப்பட்டன.

கோதுமையை அறவே விட்டு, இரத்தப் பரிசோதனையில் டிடிஜி என்னும் செலியாக் எதிர்ப்பொருளின் அளவு இறங்கிய பிறகும் வயிற்று உப்புசமும் பேதியும் நிற்கவில்லை என்று நம்மில் சிலர் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் பத்தியத்தில் ஒழுங்காக இல்லை என்று பேசுவது நம் கூட்டங்களிலேயே வழக்கமாகி இருந்தது. அந்தப் பேச்சு நியாயமற்றது என்று நான் தொடர்ந்து சொல்லி வந்ததால், அக்டோபர் கூட்டத்தில் குடல்நோய் மருத்துவர் ஒருவரை வரவழைத்து இதைப் பற்றியே பேசச் செய்தோம்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். செலியாக் நோயில் குளூட்டன், சிறுகுடலின் உட்சுவரில் டர்க்கித் துண்டின் இழைகளைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகளை மழுங்கச் செய்துவிடுகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த உறிஞ்சிகளின் நுனியில் இருப்பதால், குடல் கெட்டால் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது இயல்பு. குடல் ஆற மாதக்கணக்கில் ஆகும். பெரியவர்களுக்கு ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. ஆறியபின் பெரும்பாலும் பால் மீண்டும் சேரத் தொடங்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வகை. அதை உறிஞ்சும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும். குளூக்கோஸ் உடன் இருந்தால் உறிஞ்சுவது எளிதாகும். இரண்டும் சரிபாதியாக உள்ள வெள்ளைச் சர்க்கரையை ஓரளவு தாங்குகிறவர்களுக்குக்கூட, ஃபிரக்டோஸ் மிகுந்த மாம்பழமும் தர்பூசணியும் தேனும் சங்கடம் தருவது இதனால்தான். உறிஞ்சப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளால் புளித்து வாயுவாகிறது. அதில் ஒரு பகுதி மூச்சில் வெளிவருவதை அளப்பதே ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை.

அன்று மருத்துவர் இருமுறை வலியுறுத்திய எச்சரிக்கை ஒன்று உண்டு. பிறவியிலேயே ஃபிரக்டோஸை ஏற்காத நோய் வேறு, அரிதானது. பழமோ சர்க்கரையோ ஊட்டத் தொடங்கியதும் வாந்தி எடுத்து, இரத்தச் சர்க்கரை சரிந்து, கல்லீரல் பாதிக்கப்படும் குழந்தைக்கு அந்த நோய் இருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு ஃபிரக்டோஸ் குடிக்கச் செய்யும் பரிசோதனை ஆபத்தானது.

அந்த அக்டோபர் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். முன்கூட்டியே அஞ்சலட்டை போட்டோம், அலைபேசியிலும் அழைத்தோம். வராதவர்களில் பலர் பின்னர் இரவு நேரத்தில் என்னை அழைத்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒரு தாய், பால், வாழைப்பழம், பருப்பு, வெங்காயம் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். டிசம்பரில் அவர் மகனின் எடை முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. கூட்டத்தில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது.

குளூட்டனுக்கும் சர்க்கரைகளுக்கும் உள்ள விதி ஒன்றல்ல என்பதை உறுப்பினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். குளூட்டனில் துளியும் கூடாது. குளூட்டன் அற்றது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பதே நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. சர்க்கரைகளிலோ அளவுதான் கணக்கு. ஒரு துண்டு மாம்பழம் தாங்கும் வயிறு ஒரு முழுப் பழத்தைத் தாங்காது. ஆகவே மருத்துவர் சொல்லும் சில வாரங்கள் மட்டும் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, அவரவர் அளவைக் கண்டுகொள்ள வேண்டும். 'கொஞ்சம்தானே' என்று பரோட்டாவைப் பிட்டுக் கொடுப்பதும், பயந்துபோய்ப் பிள்ளைக்கு ஆரஞ்சுச் சுளையைக்கூட மறுப்பதும் இரண்டுமே தவறு.

பெருங்காயம் இந்த இரண்டு விதிகளும் மோதும் இடம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள, ஃபிரக்டோஸ் சங்கிலியாகக் கோத்த ஃபிரக்டான் ஒத்துக்கொள்ளாதவர்கள் மணத்துக்காகப் பெருங்காயத்தை நாடுகிறார்கள். கடையில் கிடைக்கும் தூளிலும் கட்டியிலும் பெரும்பாலானவை மைதா கலந்தவை. ஜனவரியில் ஒரு பெண்மணி தம் அஞ்சறைப்பெட்டியையும் மசாலா டப்பாக்களையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிறிய மஞ்சள் டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'கோதுமை மாவு' என்பதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பாலை நிறுத்தியும் மகளின் டிடிஜி இறங்காத காரணம் அங்கேதான் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோர் வாங்கிக் குடிக்கும் பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். அதில் பாலை மட்டும் பார்த்தால் போதாது. மாவு கலக்காத பால் பெருங்காயத்தை நம்பகமான இடத்திலிருந்து மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்துள்ளேன். மருந்துகளிலும் கவனம் தேவை. சர்க்கரை இல்லாத சிரப்புகள் பலவற்றில் சார்பிடால் என்னும் இனிப்பூட்டி உண்டு. அது ஃபிரக்டோஸ் தொல்லையைக் கூட்டும்.

அரவை இயந்திரம் குறித்துச் செயற்குழுவில் எழுந்த கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல விரும்புகிறேன். கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி, அரிசி எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் சம்பா கோதுமை அரைத்த அதே கல்லில் அடுத்து நம் கேழ்வரகைக் கொட்டினால் அது நமக்கு ஆகாத மாவாகிவிடுகிறது. மில்காரரிடம் கல்லைத் துடைத்துத் தரச் சொன்னால் ஒருநாள் செய்வார், மறுநாள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். குளூட்டன் இல்லை என்று போட்டு விற்கும் பிஸ்கட்டுகளோ விலை கையைக் கடிப்பவை. அவற்றில் சிலவற்றில் தேனும் ஃபிரக்டான் மிகுந்த சிக்கரி வேர் நாரும் சேர்ப்பதால் நம்மில் பலருக்கு அவையும் பயன்படா. சொந்தமாக ஒரு சிறு இயந்திரம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் வாதிட்டேன். அது செப்டம்பரில் வாங்கப்பட்டு, வில்லாபுரத்தில் உறுப்பினர் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் வைக்கப்பட்டது. ஞாயிறு காலையில் அரவை நடக்கிறது. கோதுமை வாசலைத் தாண்டி உள்ளே வர அனுமதியில்லை. செலவு அதிகம் என்று சொன்னவர்களின் வீட்டு மாவும் இப்போது அங்கேதான் அரைபடுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. ரவையும் சேமியாவும் சமைக்கும் நாட்களில் நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் கொண்டு செல்ல அனுமதி கேட்டு, பெற்றோர் தலைமையாசிரியரிடம் தருவதற்கான மாதிரிக் கடிதம் தயாராக உள்ளது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவும் நன்கொடையும் வரவாயின. இயந்திரம், மின்கட்டணம், அச்சுச் செலவு ஆகியவை போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. இரண்டாண்டுச் சந்தா நிலுவை வைத்திருப்போர் உறுப்பினர் பட்டியலில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். பணமில்லாத குடும்பத்திடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். வசதி இருந்தும் ஞாயிறுதோறும் வாளியோடு வந்து மாவு அரைத்துச் செல்பவர்கள், ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் அவசரம் என்று கிளம்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தலைவர், பொருளாளர், இட வசதி அளித்த உறுப்பினர், கட்டணம் வாங்காமல் பேசிய மருத்துவர், அச்சகத்தார் ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மனமுவந்து ஒப்படைப்பேன். யார் ஏற்றாலும் அரவை மட்டும் நிற்கக் கூடாது. இயந்திரத்தின் கல் தேய்ந்து வருகிறது. சித்திரை முடிவதற்குள் மாற்றியாக வேண்டும். நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் அதற்கென்று தனியே வசூல் செய்ய வேண்டியிராது. ஞாயிறு காலை முறை வைத்து நிற்க நான்கு பேர் தேவை. பெயர் தர விரும்புவோர் சாப்பாட்டுப் பந்திக்கு முன் என்னிடம் எழுதித் தரலாம். ரசீதுப் புத்தகமும் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை