இரத்த ரிப்போர்ட்டில் ஆயுளைத் தேடலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

சாதாரண இரத்தப் பரிசோதனையைக் கொண்டே புற்றுநோயின் போக்கைக் கணிக்கலாம் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில் பிழையில்லை; பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் ரிப்போர்ட்டும் கைபேசியுமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். "அம்மாவுக்கு 5.2 வந்திருக்கு சேர், இனி மருந்து ஏத்தி என்ன பிரயோசனம்?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது.

கணக்கு லேசு. எஃப்.பி.சி. எனும் முழு இரத்த எண்ணிக்கைத் தாளில், வெள்ளை அணுக்களில் இருவகையான நியூட்ரோபில் 78 வீதம், லிம்போசைட் 15 வீதம் என்றால், வகுக்க 5.2. இந்த விகிதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 1.8 மடங்கு என்று, 100 ஆய்வுகளையும் 40,559 நோயாளரையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்கிறது. கூடியது என்பதற்கான எல்லையே ஆய்வுக்கு ஆய்வு வேறு. அவற்றின் நடு மதிப்புத்தான் 4. அத்தனை பேரின் மொத்தக் கணக்கை ஓர் அம்மாவின் தலையில் கட்ட முடியாது.

அந்த அம்மாவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அது ஒன்றே போதும், நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்க. வயலில் முள்ளுக் குத்திக் கால் சீழ்பிடித்தாலும் நியூட்ரோபில் ஏறும். மாரியில் டெங்கு வந்தால் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் சரியும். கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும். என்றைக்கு எடுத்த இரத்தம், அப்போது என்ன மருந்து என்று பாராமல் விகிதம் சொல்வது, பிறந்த நேரம் தெரியாமல் சாதகம் பார்ப்பது போலத்தான்.

வைத்தியர்களும் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், தனியே அல்ல. ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1998இல் வந்த புள்ளி முறையில் 7 அம்சங்கள். ஹீமோகுளோபின், வெள்ளை அணு, லிம்போசைட் மூன்றும் இந்தத் தாளில் உள்ளவை. அல்புமின் என்ற இரத்தப் புரதம், வயது, ஆணா பெண்ணா, நோயின் கட்டம் என்ற மற்ற நான்கும் அதில் இல்லை.

வீட்டார் கவனிக்க வேண்டிய எண் வேறு. நியூட்ரோபில், வீதமாக அல்ல, ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் உள்ள எண்ணிக்கையாக, 500க்குக் கீழ் போயிருக்கையில் காய்ச்சல் 100.4 பாகை ஃபரனைட்டைத் தாண்டினால், அது உயிராபத்து. பனடோலைப் போட்டுக்கொண்டு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கிளினிக் நாள்வரை படுத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் தெல்லிப்பழை தூரம்தான். அதற்காகக் காத்திருக்காமல், இரவானாலும் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ ஏற்றிய ஆள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இதைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கிளிநொச்சி.