பல்செட்டும் பாரை முள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ஆம் தேதியோடு முடிந்து, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகின்றன. வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்கிற நேரம். சென்ற ஆண்டு இதே சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் கணவருக்கு 69 வயது. மேல்வரிசை முழுக்கப் பல்செட்டு. ஒரு ஞாயிறு மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் பாரைக் குழம்பும் சாப்பிட்டார். இருமல் இல்லை, தொண்டையில் எதுவும் குத்தவும் இல்லை. பேசிக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். நான்காம் நாள் வலது அடிவயிற்றில் வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல். ஓரிடத்தில் ஊசி போட்டு அனுப்பினார்கள், இன்னோரிடத்தில் குடல்வால் என்றார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் நாள் நாகர்கோவிலில் சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான், சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் நிற்பது தெரிந்தது. அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன்.

எடுத்த முள்ளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். என் சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். ஒரு முனை தையல் ஊசி மாதிரி, மறுமுனை தடித்து மஞ்சளாக. குழம்பு வைத்தவளும் பரிமாறியவளும் நான்தான். அந்த டப்பாவைக் கையில் வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேல் பல்செட்டு அண்ணத்தை மூடிவிடுவதால் வாயில் முள் இருப்பதே தெரியாமல் போகும் என்று அந்த மருத்துவர் விளக்கினார். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, விழுங்கிய பொருள் தானாக வெளியேறிவிடுமாம். மிச்சமுள்ளவர்களில்தான் என் கணவரும் இருந்தார். மீன்முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மீன் சாப்பிட்டதை நாங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை, அதுவரை யாரும் கேட்கவும் இல்லை. வலிக்கு நான்கு நாள் முந்தைய சாப்பாட்டை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். என் அம்மாவும் சொன்னார், நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைத்துவிடும். உணவுக்குழாயில் குத்தி நிற்கிற முள்ளைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. நான் 31 ஆண்டு அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். காசை விழுங்கிய பிள்ளைக்கு மட்டிப்பழம் கொடுத்து, 'வெளிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது அப்படிச் செய்யவே மாட்டேன். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற வட்ட பேட்டரி காசு மாதிரியே இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரிகூட இதைச் செய்யும். பழம் கொடுத்துக் காத்திருக்க அங்கே நேரமே கிடையாது. காசா பேட்டரியா என்று உடனே எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வயிற்றுவலி என்று வருகிற வயதானவர்களிடம் 'பல்செட்டு உண்டா, இந்த வாரம் மீன் சாப்பிட்டீர்களா' என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்கச் சொல்ல வேண்டும். பேட்டரி விஷயத்தை எழுதி ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் எங்கள் பஞ்சாயத்தில் உள்ள மையங்களுக்கு நானே போய் ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.