அய்யனார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை, குரோதி வருடம்

ஊர்ப் பொதுமக்களுக்கும், தலைக்கட்டு வரி கட்டிய அனைவருக்கும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து உபயம் அனுப்பிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அய்யனார் கிருபையில் ஆவணியில் குடமுழுக்கு நடந்து, ஐப்பசியில் மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கை முன்மண்டபத்துப் பலகையில் பைசா சுத்தமாக ஒட்டியிருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக வரும். ஆகவே தொகைகளை இங்கே திரும்ப எழுதவில்லை. கணக்கில் ஏறாத சிலவற்றையும், பலர் எங்களிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலையும் மட்டும் எழுதுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, வாசல் ஆலமரம் முன்மண்டபத்தின் மேல் சாய்ந்தது. உடனே எடுத்துக் கட்டியிருக்கலாமே என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருந்த யாரும் அப்படிக் கேட்கவில்லை. வேரோடு சாய்ந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை யார் வீட்டு வாசலில் போய் வரி நோட்டை நீட்டுவது? நடுவில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வேறு வந்தது. தென்னை பாளை விட்ட பிறகுதான் பாலாலயம் செய்தோம், அதாவது சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றித் திருப்பணியைத் தொடங்கினோம். குழுவுக்குள் சண்டை, அதனால்தான் தாமதம் என்று ஒரு பேச்சு உலவியது. சண்டை இருந்தது உண்மை. தாமதம் அதனால் அல்ல.

மண்டபத்தை ஸ்தபதியார் சொன்னபடி பழைய கல்தூண்களையே நிறுத்திக் கட்டியிருக்கிறோம். தூண்களில் முன்பு யாரோ பூசிவிட்ட எனாமல் பெயின்டை மணலை வீசி எடுக்கக் கூடாது, கல் பொரிந்துவிடும் என்றார். தண்ணீரும் நார்த் தூரிகையுமாகத் தேய்த்தே எடுத்தார்கள். உள் சுவருக்குச் சிமென்ட் பூசாமல், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினோம். செலவும் நாளும் கூடத்தான் ஆயிற்று. இந்தச் சித்திரையில் உள்ளே நின்று பாருங்கள், ஏன் என்று தெரியும்.

சாமி சிலையைப் பீடத்தோடு பிடித்து நிறுத்தும் அஷ்டபந்தன மருந்து இடித்த நாட்களைத்தான் ஊர் மறக்காது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் ஒன்றாகி மெழுகுபோல் இளகும் வரை சம்மட்டியால் அடிக்க வேண்டும். கூலி ஆள் போதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள், வயலில் இருந்து ஏறியவர்கள், பேருந்துக்கு நின்றவர்கள் என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் அடித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வேலை முடிந்து வந்து மண்டபத்தைக் கழுவித் தந்தார்கள். ரசீது புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்காது. முச்சந்தி டீக்கடைக்காரர் சாரத்தில் நின்றவர்களுக்குத் தினமும் சாயங்காலம் அனுப்பிய டீயும் கணக்கில் இல்லை. எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இனி அந்தக் கேள்வி. அழைப்பிதழில் போட்டிருந்த இன்னிசைக் கச்சேரியும் வாணவேடிக்கையும் ஏன் நடக்கவில்லை?

குடமுழுக்குக்கு முந்தைய அந்த 2024 ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கத் தண்ணீர் இல்லை. குறுவை போனது போனதுதான் என்று எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட நேரத்தில், மேற்கே மழை பிடித்தது. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிறைந்து வழிய, ஜூலை 28-ல் மேட்டூரைத் திறந்தார்கள். 30-ஆம் தேதி அணை முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. அதே 30-ஆம் தேதி விடியற்காலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மறுநாள் டீக்கடையில் பேப்பரின் ஒரு பக்கத்தை ஒருவரும் இன்னொரு பக்கத்தை இன்னொருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நிரம்பிய அணை, மறுபக்கம் அந்த ஊர்கள். கபினி ஆறு பிறப்பதே வயநாட்டில்தான். நமக்குத் தண்ணீர் கொண்டு வந்த மழையும் அவர்கள் தலையில் மலையை இறக்கிய மழையும் ஒன்று. ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில்கூட அன்று இதே பேச்சு.

குழு கூடியபோது பேச்சை எடுத்தவர் குழுவில் இல்லாதவர், சாரம் கட்ட வந்த ஒரு தம்பி. “புயலுக்கு அப்புறம் நமக்குக் கம்பம் நட்டவங்க கேரளாக்காரங்கதானே அண்ணே?” என்றார். கேரள மின்வாரிய லைன்மேன்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கி, நம் குழம்பின் காரத்தில் கண்கலங்கிக்கொண்டே கம்பம் நட்டதும், கரண்ட் வந்த இரவு ஊரே தெருவில் நின்றதும் எல்லோருக்கும் நினைவு வந்தது.

கோயிலுக்கென்று கொடுத்த காசை வேறு காரியத்துக்குத் தொடக் கூடாது என்று சிலர் அழுத்தமாகச் சொன்னார்கள். அது நியாயம். திருப்பணி நிதியில் ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை என்பதை இங்கே எழுத்தில் உறுதி செய்கிறோம். கச்சேரி, வாணவேடிக்கை இரண்டும் தனி உபயங்கள். இரு உபயதாரர்களிடமும் போனில் கேட்டோம். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர் இரண்டு நாள் யோசித்து, வருத்தத்தோடுதான் சம்மதித்தார். வெடிச் சத்தம் இல்லாமல் என்ன கும்பாபிஷேகம் என்ற அவருடைய ஆதங்கம் எங்களில் சிலருக்கும் உண்டு; அதை மறைக்கவில்லை. டீக்கடையில் வைத்த தகர டப்பாவில் சேர்ந்ததையும் கூட்டி, மூன்றையும் கேரள முதலமைச்சர் பேரிடர் நிவாரண நிதிக்கு அனுப்பினோம். ரசீது பலகையில் தனித் தாளாக இருக்கிறது.

கைம்மாறு செய்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வயநாட்டுப் புதுமலையில் அடையாளம் தெரியாதவர்களைச் சர்வமதப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்து, பெயருக்குப் பதில் எண் எழுதிய கல் நட்டார்கள். அதற்கு எந்தத் தொகை ஈடாகும்?

குடமுழுக்கன்று பக்கத்து ஊர் ஜமாத்தார் தாம்பூலத் தட்டும் பழமும் பட்டுமாகச் சீர் கொண்டுவந்தார்கள். படம் எடுக்க வந்த நிருபர் மத நல்லிணக்கம் பற்றிப் பெரியவரிடம் ஏதாவது சொல்லச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. “போன தடவையும் கொண்டுவந்தோமே தம்பி” என்றார்.

மீதி வேலை இரண்டு. வடக்கு மதில் பாதியில் நிற்கிறது. புதிய மண்குதிரை இரண்டையும் மழை விட்ட பிறகே சூளையில் வைக்க முடியும் என்று வேளார் சொல்லியிருக்கிறார். வங்கியில் இருக்கும் மிச்சம் குதிரைக்குப் போதும், மதிலுக்குப் போதாது. மறுபடியும் வரி போடுவதா, உபயம் தேடுவதா என்று முடிவு செய்யக் கார்த்திகை முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்மண்டபத்தில் ஊர்க்கூட்டம். கணக்கு நோட்டும் ரசீதுகளும் மேசையில் இருக்கும். கேள்வி உள்ளவர்கள் அங்கேயே கேட்கலாம். டீ உண்டு, இம்முறை காசு கொடுத்து வாங்கியது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்