படுக்கை நேரக் கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுங்கள்: நூலக அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: நம் கிளை நூலகத்தின் உறுப்பினர்களான பெற்றோர், தாத்தா பாட்டிகள்

பெறுநர்: நூலகத் துறை அலுவலர் அவர்கள்

பொருள்: சிறுவர் பிரிவில் உள்ள படப் புத்தகங்களை இரவல் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறோம். நூலகப் பதிவேட்டில் எழுதினோம், தங்கள் அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பினோம். ஒரு வரி பதில் இல்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அது புரிகிறது, அதனால்தான் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறோம். நம் கிளை நூலகம் தாங்கள் அறியாதது அல்ல. சிறுவர் பிரிவைத் திறந்துவைத்ததே தாங்கள்தான். மாடிப்படி ஏறியதும் இடது பக்கம், குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரிகள், தரையில் பாய். அந்தப் பிரிவைப் பற்றித்தான் இந்த மனு.

1. அங்குள்ள படப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ‘குறிப்புதவி நூல், வெளியே தரப்பட மாட்டாது’ என்று முத்திரை குத்தியிருக்கிறது. அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் போடுகிற முத்திரை அது. எந்தத் தடித்த நாவலையும் நான் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், முப்பது பக்கம்கூட இல்லாத கரடிக் கதையை எடுத்துப்போக முடியாது.

2. நூலகத்தை மாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். இவை இரவில் படிக்கிற புத்தகங்கள்.

3. எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான், தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். படுக்கை நேரக் கதையை நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வர முடியாது. கீழே தேர்வுக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை இருக்கிறது, கரடிக்கு ஒரு குரல் எலிக்கு ஒரு குரல் என்று மாற்றிப் படிக்க ஆரம்பித்தாலே மேலே வந்து சத்தம் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அந்தப் புத்தகத்தை எங்கேதான் படிப்பது?

‘வாயாலேயே சொல்லுங்களேன்’ என்று கவுண்டரில் சொன்னார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். குரங்கும் முதலையும் கதையைப் பஞ்சதந்திரத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வோம், அதற்குப் புத்தகம் தேவையில்லை. ஆனால் எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’, பசி அடங்காத ஒரு கம்பளிப்புழுவின் கதை, 1969இல் வந்தது, நம் அலமாரியிலும் ஒரு பிரதி இருக்கிறது, அதை வாயால் சொல்ல முடியுமா? திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய், இப்படியே போகும். புழு தின்ற இடத்தில் தாளிலேயே வட்டமாக ஓட்டை. அந்த ஓட்டையில் விரலை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் எந்தக் குழந்தை நம்மை அடுத்த பக்கம் போக விடும்? கதையே அந்த ஓட்டைதான் ஐயா.

அப்புறம், ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் குழந்தையைத் தூங்க வைத்துப் பார்க்காதவர்கள். பிடித்துப்போன கதையென்றால் தினமும் அதே கதைதான் வேண்டும். முதல் இரவு படத்தை மட்டும் பார்க்கும். இரண்டு மூன்று நாள் போனதும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே சிரிக்கும். அதற்கும் பிறகு நாம் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மீதியை அதுவே சொல்லும், தூக்கக் கலக்கத்தில் நாம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் கையைப் பிடித்துத் திருப்பி வைக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ‘படிக்க’ ஆரம்பிப்பது அப்போதுதான். ஒரே புத்தகம் ஒரு வாரமாவது வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும். கைக்குழந்தையிலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் அறிவுறுத்தியது. மருத்துவர்கள் படி என்கிறார்கள், நூலகம் தொடாதே என்கிறது.

போனில் போட்டுக் காட்டலாமே என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை. தூங்கப்போகிற பிள்ளையின் கண்ணுக்கு நேரே அந்த வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்கிறீர்களா? மார்கரெட் வைஸ் பிரவுனின் ‘குட்நைட் மூன்’ (1947) புத்தகத்தில் பக்கம் திருப்பத் திருப்ப அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே போகும். நாமும் கூடவே குரலைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும். அதுவும் நம் அலமாரியில் இருக்கிறது, சாயங்காலம் நான்கு மணிக்கு டியூப்லைட் அடியில், பாயில் உட்கார்ந்து படிப்பதற்காக!

4. புத்தகம் கிழியும் என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று சொல்கிறார்கள். கிழியும்தான். குழந்தை கையில் புத்தகம் கிழியாமல் இருக்குமா? நாங்களே ஒட்டித் தருகிறோம், உறை போட்டுத் தருகிறோம், ஒட்ட முடியாத அளவுக்குப் போனால் புதிதாக வாங்கி வைக்கிறோம். காப்புத்தொகை கேட்டாலும் கட்டுகிறோம். முந்தைய மனுவிலும் இதையே எழுதியிருந்தோம், யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை.

5. தாங்கள் நூலகவியல் படித்தவர். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஒரு காலத்தில் நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போதுதான் அவர் எடுத்துச் சொல்கிறார். இந்த முத்திரையும் சங்கிலிதான் ஐயா, வேறென்ன?

நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி 2020இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதுவரை அங்கே மிக அதிகமாக இரவல் போன புத்தகம் எது தெரியுமா? எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’, 1962இல் வந்த படப் புத்தகம். பனி பெய்த நாளில் ஒரு சிறுவன் வெளியே போய் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. நான் மேலே சொன்ன கம்பளிப்புழுவும் முதல் பத்தில் இருக்கிறது. சிறிய புத்தகம், சீக்கிரம் திரும்பி வரும், அடுத்த வீட்டுக்குப் போகும். அதே நூலகம் ‘குட்நைட் மூன்’ புத்தகத்தை மட்டும் 1972 வரை வாங்கவே இல்லை, அங்கே மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்த சிறுவர் பிரிவு நூலகர் ஒருவருக்கு அது பிடிக்காமல் போனது. இல்லாவிட்டால் அதுவும் பட்டியலில் வந்திருக்கும் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். ஒரு அலுவலரின் முடிவு எத்தனை வருடத்துப் பிள்ளைகளைத் தொடும் என்று பாருங்கள். நாங்கள் புதுப் புத்தகம்கூடக் கேட்கவில்லை. வாங்கி அடுக்கி வைத்திருப்பதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம், அதற்குமா இத்தனை மனு?

6. போன மனு எழுதியபோது மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைகளில் சிலர் இப்போது பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அவர்களுக்கு இனி இந்த உத்தரவு வந்தாலும் பயனில்லை. தம்பி தங்கைகளுக்காவது வரட்டும்.

ஆகவே ஐயா, அந்த முத்திரையை ரத்து செய்யுங்கள். ஒரு உறுப்பினர் அட்டைக்கு ஒரு படப் புத்தகம், ஒரு வாரம், அது போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தர யோசனையாக இருந்தால் ஒரு அலமாரியை மட்டும் திறந்து விடுங்கள், எத்தனை திரும்பி வருகிறது, எந்த நிலையில் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் தாருங்கள், நாங்கள் மேலே எழுதிக்கொள்கிறோம். இந்த முறை பதில் வேண்டும். படப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுங்கள், தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
நூலக உறுப்பினர்கள்

இணைப்பு: முன்பு அனுப்பிய மனுக்களின் நகல்கள், கையெழுத்துப் பட்டியல்