ஓவனில் பிரெஞ்சு டோஸ்ட் வைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஃபார்வர்டைப் படித்தேன். 1724-ல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஜோசப் ஃபிரெஞ்ச் என்று ஒரு விடுதிக்காரர்தான் முட்டையும் பாலும் கலந்து ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் இந்தப் பிரெஞ்சு டோஸ்டைக் கண்டுபிடித்தாராம், 'ஃபிரெஞ்சின் டோஸ்ட்' என்று ஒழுங்காக எழுதத் தெரியாமல் பலகையில் 'பிரெஞ்சு டோஸ்ட்' என்று போட்டுவிட்டாராம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கிலாந்தில் ராபர்ட் மே என்ற சமையல்காரர் 1660-லேயே வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? அவர் செய்யச் சொன்னது வேறு மாதிரி. ரொட்டியைத் தடியாக வெட்டி, வாட்டி, ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்துப் பரிமாற வேண்டும். முட்டையே கிடையாது. அதற்கும் வெகுகாலம் முன்னால், அபீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில், ரொட்டியைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே தேனை ஊற்று என்று இருக்கிறது. அங்கும் முட்டை இல்லை.

பிரான்சில் பான் பெர்டியூ, ஜெர்மனியில் ஆர்மெ ரிட்டர், ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் டொரிஹா, நம் வீட்டில் பாம்பே டோஸ்ட். எல்லாமே காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் சாப்பிட ஆளாளுக்குச் செய்த வழி. நீ என்னடா என்றால் கடையில் அப்போதுதான் வந்த பஞ்சு மாதிரி சாண்ட்விச் பிரெட்டை வாங்கி ஊறவைத்துவிட்டு, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது என்று என்னிடம் புலம்புகிறாய். வேறு எப்படி இருக்கும்?

சல்லா வாங்கு. யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை சபத் விருந்துக்கு வைக்கும் பின்னல் ரொட்டி அது. முட்டையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது, ஊறினாலும் கரையாமல் நிற்கும். மிஞ்சிய சல்லாவை ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு டோஸ்ட் ஆக்குவது அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் வழக்கம். பிரியோஷ் என்ற பிரெஞ்சு ரொட்டியும் நல்லதுதான், ஆனால் வெண்ணெய் நிறைய, விலையும் கூட. எதுவாக இருந்தாலும் ஒரு அங்குலத் தடிமனில் வெட்டித் தட்டில் பரப்பி, 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் கால் மணி நேரம் போல உலர்த்து, நடுவில் ஒரு தடவை திருப்பிவிடு. பழைய ரொட்டிதானே, அப்படியே போடலாமே என்பாய். ரொட்டி பழசாகும்போது கெட்டிப்படுவதற்கு ஈரம் போவது மட்டும் காரணமில்லை, உள்ளே இருக்கும் மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்வதும்தான், அது சூடு பட்டால் திரும்ப இளகிவிடும். ஓவனில் உலர்த்தினால் ஈரம் உண்மையிலேயே வெளியேறும், அந்த இடத்தில் பாலும் முட்டையும் போய் உட்காரும்.

ஒரு பவுண்டு ரொட்டிக்கு 8 முட்டை, இரண்டரை கப் முழுக்கொழுப்புப் பால், அரை கப் கிரீம், கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாகச் சர்க்கரை, வெனிலா, பட்டைத்தூள், உப்பு. உப்பை மறந்துவிடாதே, அது இல்லாவிட்டால் வெறும் இனிப்புக் கூழ். எல்லாவற்றையும் நன்றாக அடித்து, வெண்ணெய் தடவிய 13க்கு 9 அங்குலத் தட்டில் சற்றே சாய்த்து அடுக்கிய ரொட்டியின் மேல் ஊற்றி, கையால் லேசாக அமுக்கிவிட்டு, மூடி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வை. எட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருக்க, நீ அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இந்தப் பக்குவத்தின் லாபமே அதுதான்.

காலையில் தட்டை எடுத்து அரை மணி நேரம் வெளியே வை. கண்ணாடித் தட்டு என்றால் கட்டாயம், சில்லென்று இருப்பதைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். பிரவுன் சுகர், மைதா, வெண்ணெய், பீக்கன் பருப்பைப் பிசிறி மேலே தூவுவதாக இருந்தால் அப்போதுதான் தூவ வேண்டும், ராத்திரியே போட்டால் ஊறிப்போகும். 350 டிகிரியில் முதல் 25 நிமிடம் ஃபாயில் மூடி, அப்புறம் திறந்து இன்னொரு 20, 25 நிமிடம். உன்னிடம்தான் இறைச்சி தெர்மாமீட்டர் இருக்கிறதே, நடுவில் குத்திப் பார், 160 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டியிருந்தால் முட்டை வெந்துவிட்டது. தட்டை அசைத்தால் நடு லேசாகத் ததும்பலாம், அலை அடிக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் உப்பியது அமுங்கும், பயப்படாதே, பத்து நிமிடம் விட்டு வெட்டு.

முட்டை சாப்பிடாதவர் ஒருவர் வருகிறார் என்றாயே, அவருக்காக மொத்தத்தையும் மாற்றாதே. பாலில் கொஞ்சம் கஸ்டர்ட் பவுடர் கரைத்து, நாலு துண்டைத் தோய்த்துத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு எடுத்துக் கொடு. ரோமாபுரிக்காரர்கள் முட்டை இல்லாமல்தானே சாப்பிட்டார்கள்!

அப்புறம் மேலே ஊற்றும் சிரப். 'பான்கேக் சிரப்' என்று மலிவாக இருப்பது பெரும்பாலும் சோளப் பாகு, அதை எடுக்காதே. அசல் மேப்பிள் சிரப் விலை அதிகம்தான், ஏறக்குறைய 40 லிட்டர் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் கிடைக்கிறது, விலை இருக்காதா பின்னே? கருமையான ரகமாகப் பார்த்து வாங்கு, மணம் தூக்கலாக இருக்கும், கொஞ்சம் ஊற்றினாலே போதும்.

அன்புடன்,
அக்கா